நீலம் பாரித்த கற்றாழை

லவாலில் அந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் சனிக்கிழமைகளில் கால் வைக்க இடமிருக்காது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர்கள் சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்பார்கள். எல்லோர் கையிலும் ஒரு கற்றாழை இலை. கண்ணூறு படாமலிருக்க வாசலில் தலைகீழாகக் கட்டிய செடியிலிருந்து முறித்தது. வேட்டிக்கு மேல் வெள்ளை ஆய்வுகூட அங்கி மாட்டிய நீலசோதி சுவாமி அதில் கொஞ்சம் எடுத்து, மண்ணிறத் திரவமுள்ள கண்ணாடிக் குழாயில் விடுவார். நிறம் மாறாவிட்டால் வீடு சுத்தம். நீலமானால் அங்கே கொள்ளிக்கண் இருக்கிறது, பரிகாரம் வேண்டும். கடன் அட்டையும் ஏற்கப்படும். விஞ்ஞானம் அல்லவா!

சிவானந்தத்தின் வீட்டு இலையும் நீலமானது. அதை முறித்துக்கொண்டு போனவர், அவருக்குச் சம்பந்தியாக வரவிருந்த விமலநாதன். அன்றே தொலைபேசி எடுத்தார்.

“குறை நினைக்காதேங்கோ. உங்கட மகளின்ரை கண் சரியில்லையாம். கலியாணத்தை நிப்பாட்டுவம்.”

ஒருவரும் விரல் நீட்டிப் பேசாத குடும்பம். சிவானந்தம் கொதித்தார். மகள் வசந்தினியோ சிரித்தாள். சதைப்பற்றுள்ள செடிகளை அரைத்துப் புரதம் பிரித்துச் சோதிப்பதுதான் அவளுடைய வேலை.

“அந்தத் தண்ணி எங்கட லாப்பிலையும் இருக்கு, அப்பா. புரதம் பட்டா நீலமாகும். கற்றாழையின்ரை உள்சோறு வெறும் தண்ணி மாதிரி, நிறம் மாறாது. பச்சைத் தோலைச் சுரண்டினா மாறும். ஆருக்கு எதைச் சுரண்டிறதெண்டு சுவாமிக்குத் தெரியும்.”

அடுத்த சனிக்கிழமை சிவானந்தம் விடியவே எழுந்தார். அவர் வாசலிலும் ஒரு கற்றாழை தொங்கத்தான் செய்தது. அதில் கொழுத்த இலையொன்றை முறித்து, குறுக்கே இரண்டாக வெட்டினார்.

அன்று நிலக்கீழ் அறையில், முன்வரிசையில் விமலநாதன் கைகூப்பி இருந்தார்.

“இது என்ரை வீட்டு இலை. மற்றது எங்கட ஊர்ச் சங்கத் தலைவர் தந்துவிட்டது” என்றார் சிவானந்தம். வாழ்நாளில் சொன்ன முதல் பொய்யையும் நிமிர்ந்து நின்றே சொன்னார்.

சுவாமியின் பெரிய பூசைகளுக்கு மண்டபம் பிடித்துக் கொடுப்பவர் தலைவர். அந்தத் துண்டில் உள்சோற்றை மட்டும் கரண்டியால் வழித்தார் சுவாமி. நிறம் மாறவில்லை. “தங்கமான வீடு!” சிவானந்தத்தின் துண்டிலோ தோலை நகத்தால் சுரண்டினார். நீலம். கூட்டம் உச்சுக்கொட்டியது.

சிவானந்தம் இரண்டு துண்டையும் எடுத்து வெட்டுவாயில் பொருத்திக் காட்டினார்.

“ஒரே இலை, சுவாமி. என்ரை வாசலிலை முறிச்சது. பாதிக்கு மட்டும் கண்ணூறோ?”

சுவாமி நீலக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “கண்ணூறு... ஒரு பக்கத்தாலைதான் ஏறும்.”

“ஓம், ஓம்! எனக்கும் இடப்பக்கம்தான் நோகுது” என்றது ஒரு பக்தரின் குரல்.

அப்பாவோடு வந்திருந்த வசந்தினி, சுவாமி குடித்து மிச்சம் வைத்த பாலில் ஒரு துளி எடுத்து, அதே திரவமுள்ள புதுக் குழாயில் விட்டாள். கருநீலம்.

“இது நீங்கள் குடிச்ச பால். பாலிலையும் புரதம் இருக்கு. அவ்வளவுதான் விசயம்.”

“அண்ணை, அப்ப சுவாமிக்கு ஆர் பரிகாரம் செய்யிறது?” என்றான் பெட்டி ஏற்றுபவன் ஒருவன். சிரிப்பு அடங்குவதற்குள் சுவாமி பின்படியால் ஏறிவிட்டார். அங்கி மட்டும் கதவுப்பிடியில் மாட்டிக்கொண்டு நின்றது.

விமலநாதன் ஓடிவந்தார். “சம்பந்தி, கலியாண நாளைக் குறிப்பமே?”

“என்னைக் கேக்காதேங்கோ. உங்கட மகன் வந்து அவளைக் கேக்கட்டும். யோசிக்கத் தெரிஞ்ச பிள்ளையோ எண்டு அவள் பாப்பாள்.” படியில் நின்று திரும்பினார் சிவானந்தம். “கற்றாழையைத் தலைகீழாக் கட்டினாலும் அது சாகாது, விமலநாதன். நான் இண்டைக்கு வீட்டை போய் அவிட்டு மண்ணிலை நடப்போறன். நீங்கள் கட்டித் தொங்கவிட்டது உங்கட மூளையை. அது செத்துப்போம், கெதியா அவிழுங்கோ.”