தேவசகாயம் ஐயாவுக்கு நான் அடித்த மணி

பிரசங்க பீடத்தில் ஏறினால் ராஜாக்களையே கண்டிப்பேன். கீழே இறங்கினால், டீக்கடையில் ‘சர்க்கரை கம்மியா’ என்று சொல்லக்கூட எனக்கு நெஞ்சு படபடக்கும். போதகர் வேலைக்கு இது எவ்வளவு பெரிய தகுதி என்று பாருங்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முதன்முதலாகப் பொறுப்பேற்றிருந்தேன். ஞாயிறு ஆராதனை எட்டு மணிக்கு. ஆனால் சபையின் பெரிய மனிதர் தேவசகாயம் ஐயாவின் கார் வாய்க்கால் பாலம் தாண்டினால்தான் ஆராதனையைத் தொடங்கும் மூன்றாம் மணி அடிப்பார்கள். கார் எட்டே முக்காலுக்கு வரும். நடவுக்குப் போகிற பெண்கள் கடைசியில் கொடுக்கும் திருவிருந்து அப்பத்தை வாங்காமலே பாதியில் எழுந்து போவார்கள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவரிடம் சொல்ல மூன்று வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். நேரில் பார்த்ததும் “வாங்கய்யா, வாங்க” என்பதற்கு மேல் வரவில்லை. (அவர் ஒரு போன் போட்டால் எனக்கு மாற்றல் வந்துவிடும், அதுதான் விஷயம்.)

நான்காவது ஞாயிறு ஒரு யோசனை. வாயால் சொல்வானேன், எட்டுக்கு மணியை அடித்துவிட்டால் புரிந்துகொள்ள மாட்டாரா? மணியடிப்பவர் மறுத்துவிட்டார். நானே கயிற்றைப் பிடித்தேன். கை நடுங்கியதில் ஒரு அடி விழும், கயிறு நழுவும், மறுபடி பிடித்து இன்னொரு அடி. எங்கள் ஊரில் அப்படி விட்டு விட்டு அடித்தால் சாவு மணி.

திரும்பிப் பார்த்தால் கோயில் வாசலில் ஆளே இல்லை. இன்னும் வராத ஒரே மனிதர் யார் என்று சபை கணக்குப் போட்டுவிட்டது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன்.

அவர் வீட்டு வாசலில் ஒப்பாரி. நடுவில் தேவசகாயம் ஐயா, லுங்கியோடு, வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு நின்றார். செத்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நலம் விசாரிக்க வந்தோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நடவுப் பெண்களைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

“யாரும் சாகலைங்கய்யா. எட்டு மணி ஆச்சுன்னு நான்தான் அடிச்சேன். உங்களுக்காகக் காத்திருந்து, வேலைக்குப் போறவங்க திருவிருந்து வாங்காம போறாங்க. இனிமே எட்டுக்குத் தொடங்கிடுவேன்.”

ஒப்பாரி நின்றது. அவர் நிதானமாக வாயைக் கொப்பளித்தார்.

“இதை வாயால சொல்லியிருந்தா வந்திருப்பேனே பாஸ்டர். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் சொல்லலையே.”

அந்த நேரம் பார்த்து, யாரோ அவசரப்பட்டுச் சொல்லியிருந்த ஐஸ் பெட்டி வேனில் வந்து இறங்கியது. (அவரே அளவு பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.)

அன்று ஆராதனை தொடங்க ஒன்பதரை ஆயிற்று. பெண்கள் அன்றும் பாதியில்தான் போனார்கள். அடுத்த ஞாயிறு அவர் ஏழே முக்காலுக்கே முதல் வரிசையில் இருந்தார். பெண்கள் திருவிருந்து வாங்கிக்கொண்டு நடவுக்குப் போனார்கள். எனக்கு மாற்றலும் வரவில்லை.

இப்போது நரைத்துவிட்டது, பெரிய பெரிய கமிட்டிகளில் உட்காருகிறேன். இன்றைக்கும் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பும்போது நான் தயங்கி நின்றால், பிள்ளைகள் முன்னாலேயே என் மனைவி கேட்பாள்: “வாயத் தொறந்து சொல்லப் போறீங்களா, இல்ல யாரையாவது சாகடிக்கப் போறீங்களா?”