டிஸ்கில் அடங்காத சீர்

காலவரிசைப் பைத்தியம் பிடித்தவன் சொந்தக்காரர்கள் நடுவே வாழக்கூடாது. எனக்கு இரண்டும் வாய்த்தன. எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தத் தேதியில் அம்மை போட்டது, எந்தக் கிழமை ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது என்று கேட்காமலே சொல்வேன். (யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.) வரலாற்றுப் புத்தகங்களை அளவுக்கு மீறிப் படித்ததன் விளைவு. நடந்ததில் எதையும் விடக்கூடாது, நடந்த வரிசையை மாற்றக்கூடாது என்பது அப்போது என் கொள்கை.

என் மகளுக்குக் காது குத்தினோம். என் மனைவி செல்வியின் அண்ணன் சுந்தரபாண்டி, கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர், அதுவரை எங்கள் வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தார். காரணம், எங்கள் கல்யாண ஆல்பம். முக்கியமான படத்தில் அவருடைய தலை பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. எடுத்தது ஸ்டுடியோக்காரர், பழி என்மேல். "வேணும்னேதான வெட்டியிருக்காக" என்று போனவர், தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது என்பதால் ஒருவழியாக மனமிறங்கினார். இறங்கியவர் சும்மா வரவில்லை. கொட்டுமேளம், மினி லாரி நிறையச் சீர்த் தட்டுகள், இரண்டு கிடாய், ஆளுயர மாலை. ஆரப்பாளையத்தில் எங்கள் தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"எங்கண்ணன் வர்றது வீடியோவுல நல்லா விழுந்திருக்கணும். அம்புட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள் செல்வி. அவள் 'அம்புட்டுத்தான்' என்றால் அதற்குப் பின்னால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டுடியோக்காரரை இனி நம்புவதாக இல்லை. அலுவலக நண்பரிடம் கேமரா இரவல் வாங்கி முழுவதையும் நானே எடுத்தேன்; சீர் வந்து இறங்கியதோடு டேப் தீர்ந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு கேமராவைத் திருப்பிக் கொடுத்ததும் அவர் அதே டேப்பில் தன் குழந்தை தவழ்வதை எடுத்துக்கொண்டார். ஆக, சீர் வந்ததற்கு மிஞ்சிய ஒரே சாட்சி என் கம்ப்யூட்டர்தான். அதில் எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து டிஸ்க் இமேஜ் ஆக்கினேன். டிவிடியில் எழுதவேண்டிய அத்தனையையும் ஒரே பொட்டலமாகக் கட்டிய பெரிய ஃபைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியதும் உதிரித் துண்டுகளை அழித்துவிட்டேன்.

டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தது. என் ஃபைல் 4.5. எழுதச் சொன்னால், "டிஸ்கில் இடம் போதாது" என்றது மென்பொருள். ஒன்றாம் வகுப்புக் கணக்குகூடத் தெரியாத மென்பொருள் என்று முடிவுகட்டினேன். 'இருந்தாலும் எழுது' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். கடைசியில் கொஞ்சம் முனகிவிட்டு டிஸ்கை வெளியே தள்ளியது. எழுதியது சரியா என்று சோதிக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றேன். (என்னையே சோதிப்பதா?)

அன்று ஞாயிற்றுக்கிழமை, பழங்காநத்தத்தில் மச்சான் வீட்டில் விருந்து. திருமங்கலத்திலிருந்து அவருடைய மாமனார் வந்திருந்தார். தன் சீரை அவருக்குக் காட்டத்தான் ஏற்பாடே. முதலில் படம், பிறகு இலை.

படம் தொடங்கியது. வரிசைப்படி முதலில் சமையல்காரர் கத்திரிக்காய் வெட்டினார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாமனார், "இவரு யாரு, மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவா?" என்றார்.

"சமையக்காரருங்க."

"எம்புட்டுக் காய்தான் வெட்டுவாரு?"

அடுத்து எலக்ட்ரீசியன் சீரியல் பல்பு கட்டினார். என் பெரியப்பா இட்லி தின்றார். ஒருவழியாகத் தூரத்தில் கொட்டுச் சத்தம். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்து காலரைச் சரிசெய்தார். "இந்தா வாரேன் பாருங்க, மாமா."

மினி லாரியின் மூக்கு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மச்சானின் நெற்றி வந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றது. நெற்றிக்குக் கீழே ஒன்றுமில்லை.

மறுபடியும் பாதித் தலை.

டிஸ்கை எடுத்து வேட்டியில் துடைத்துப் போட்டேன். கத்திரிக்காயிலிருந்து தொடங்கி, ஓட்டிக்கொண்டு போனால், அதே நெற்றியில் வந்து நின்றது.

மச்சானின் மனைவி ராணி அக்காதான் வாயைத் திறந்தார். "கத்திரிக்காய்க்கு இடம் இருந்திருக்கு. சீருக்குத்தான் இல்லாமப் போச்சாக்கும், தம்பி?"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. "அது வந்துக்கா... டிஸ்க் கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலா எண்ணுது. அவன் சொல்ற 4.7, நம்ம கம்ப்யூட்டர்ல 4.4கூட வராது..."

"கணக்கு எனக்கு எதுக்கு மாப்ள?" என்றார் மச்சான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு டிஸ்கா வெட்டி..."

"வெட்டுனது போதும்."

செல்வி என்னைப் பார்த்தாள். இனி அண்ணன் வீடு அவளுக்கு இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. நான் எழுந்துவிட்டேன். "இருங்க மச்சான். கம்ப்யூட்டரையே தூக்கிட்டு வாரேன்."

ஆட்டோ தெருமுனையைத் தாண்டியதும்தான் உறைத்தது. டிஸ்க் எழுதி முடித்ததும் இமேஜை அழித்துவிடுவது என் வழக்கம், இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால். அன்று காலை அழித்தேனா? அழிக்கச் சொல்லி அழுத்தியது நினைவிருந்தது. அதன்பிறகு செல்வி "பஸ்ஸு போயிரும்" என்று கத்தியதும் நினைவிருந்தது. நடுவில் என்ன நடந்தது? ஊரார் வீட்டு ஃபிரிட்ஜ் தேதிகளெல்லாம் வரிசையாக வந்தன, அது மட்டும் வரவில்லை.

"என்னண்ணே, ஆஸ்பத்திரியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்ல, வீட்டுக்குத்தான்."

"அதுக்கா இப்படி வேர்க்குது?"

வீட்டில் கம்ப்யூட்டரை அணைக்காமலே போயிருந்தேன். மவுஸை அசைத்ததும் திரையில் ஒரு கேள்வி: 'இந்த ஃபைல் குப்பைத்தொட்டிக்குள் அடங்காத அளவு பெரியது. நிரந்தரமாக அழிக்கட்டுமா?' காலையிலிருந்து என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அம்புக்குறி 'ஆம்' மேலேயே நின்றது.

எங்கள் மவுஸ் உருண்டை வைத்த பழைய மவுஸ். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் துள்ளும். சில நாள் தொட்டாலே தானாக அழுத்திக்கொள்ளும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு நகர்த்தினேன். அம்பு நகரவில்லை. இன்னும் கொஞ்சம். சட்டென்று திரையின் மூலைக்கு ஓடிற்று. அங்கிருந்து, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி, மெல்ல மெல்லக் கொண்டுவந்து 'இல்லை'யில் வைத்து அழுத்தினேன்.

ஃபைல் இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் மானிட்டர் என் மடியில், சிபியூ காலிடுக்கில். ஒவ்வொரு வேகத்தடைக்கும் "அண்ணே, மெதுவா, மெதுவா" என்றேன். பொறுத்துப் பார்த்த ஆட்டோக்காரர், "பிள்ளத்தாச்சியைக்கூட இம்புட்டு மெதுவா கொண்டு போனதில்லண்ணே" என்றார்.

மச்சான் வீட்டில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒயர்களை மாட்டி இமேஜைத் திறந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாகக் காலவரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரே லாரிக்குப் போனேன். நெற்றி வந்தது. மூக்கு வந்தது. மீசை வந்தது. மச்சான் முழுதாக இறங்கி, மாலையும் கையுமாக நடந்து வந்தார். மாமனார், "அடேயப்பா, கிடாயி ரெண்டா!" என்றார். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராணி, மாப்பிள்ளைக்கு இலையைப் போடு" என்றார்.

சாப்பிட்டுவிட்டு ஒயரைக் கழற்றப் போனேன்.

"அதை ஏன் மாப்ள கழட்டுறீக? நாளைக்கு எங்க சின்ன மாமனார் வாராரு."

அவர் வந்து பார்த்தார். அப்புறம் பட்டறை ஆட்கள். அப்புறம் கோயில் கமிட்டி. எதையாவது எழுதவோ தேடவோ வேண்டுமானால் நான் ஞாயிறுதோறும் பழங்காநத்தம் போகவேண்டியதாயிற்று. போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். பின்னாளில் அதே படத்தைப் பெரிய பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாரே தவிர, கம்ப்யூட்டரைக் கொடுக்கவில்லை.

இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், புதிதாக யாராவது அகப்பட்டால் மச்சான் என் தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்துகிறார்: "தாய்மாமன் சீர் செஞ்சு பாத்திருப்பீக. தாய்மாமனுக்கே சீர் செஞ்ச ஆளு இவரு ஒருத்தருதான். கம்ப்யூட்டரு!"