ஜப்பானைக் கூப்பிட்டேன், கொட்டாஞ்சேனை வந்தது

ஒருவன் தன் பொழுதுபோக்கைத் தன்னோடு வைத்திருக்கும்வரை அயலவர்களுக்கு ஆபத்தில்லை. மற்றவர்களையும் அதற்குள் இழுத்துவிட வேண்டும் என்று அவன் புறப்படும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. நான் அப்படிப் புறப்பட்டவன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அமெச்சூர் வானொலியின் பெருமையை எடுத்துச் சொல்லி, பாயாசம் வர முன்பே அவரை எழுந்தோட வைத்தவன்.

விஷயம் எளிது. பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்தால், வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியும் கொஞ்சம் கம்பியும் வைத்துக்கொண்டு உலகத்தின் மறு மூலையில் இருக்கும் இன்னொரு பைத்தியத்தோடு பேசலாம். இணையம் வேண்டாம், போன் வேண்டாம். ("வட்ஸ்அப் இருக்கேக்க இது என்னத்துக்கு?" என்று கேட்காதீர்கள். மீன் கடையில் கிடைக்கும்போது ஆட்கள் ஏன் தூண்டில் போடுகிறார்கள்?)

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் ஒரு கம்பத்தை நட்டு, அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கம்பியைச் சரித்துக் கட்டியிருந்தேன். அன்றிலிருந்து கட்டடத்தில் நடந்த அத்தனை கெடுதிக்கும் நானே பொறுப்பு. லிஃப்ட் நின்றால் நான். நாலாம் மாடியில் பால் திரைந்தால் நான். ஒருவருக்குத் தலைமுடி கொட்டியதும் என் தலையில்தான் விழுந்தது.

குடியிருப்போர் சங்கத் தலைவி சந்திரா அன்ரி, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். (கடன் கேட்டு வந்தவர்களைப் பார்த்த பார்வையை அவர் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.) ஒருநாள் லிஃப்டுக்குள் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மேல நட்டிருக்கிற அந்தப் பொல்லைக் கழட்டவேணும். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில முடிவெடுக்கப் போறம்."

கம்பம் போனால் எல்லாம் போயிற்று, அதை நட எனக்கு வேறு இடமில்லை. அப்போது என் வாயில் சனி இருந்தது.

"அன்ரி, மீட்டிங்கை மொட்டை மாடியிலயே வையுங்கோ. உங்கட கண்ணுக்கு முன்னால ஜப்பானோட கதைச்சுக் காட்டுறன். ஏலாட்டி நானே கழட்டுறன்."

"ஜப்பானோட?"

"ஓம், ஜப்பானோட!"

உண்மையில் அதுவரை நான் ஜப்பான்காரர் பேசுவதைக் கேட்டிருக்கிறேனே தவிர, ஒருவரோடும் பேசியதில்லை.

ஞாயிறு காலை மொட்டை மாடியில் பிளாஸ்டிக் கதிரைகள், என் செலவில் பட்டீஸ், ரோல்ஸ். கட்டடமே திரண்டு வந்திருந்தது. பாதிப் பேர் ரோல்ஸுக்காக, மீதிப் பேர் நான் அவமானப்படுவதைப் பார்ப்பதற்காக. அப்பா வேறு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் முதலில் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். புயல், வெள்ளம் வந்து போன் எல்லாம் செத்துப்போனாலும் எங்கள் வானொலி உயிரோடு இருக்கும் என்று முழங்கினேன்.

"வெள்ளம் ஏழாம் மாடிக்கும் வருமோ தம்பி?" என்று சந்திரா அன்ரி கேட்டார்.

மைக்கை எடுத்தேன். "சீ கியூ, சீ கியூ" என்று அழைத்தேன். யாராவது இருக்கிறீர்களா, பேச வாருங்கள் என்று அர்த்தம். ஒருவரும் வரவில்லை. மறுபடி அழைத்தேன். பெட்டி இரைந்ததே தவிரப் பேசவில்லை. ரோல்ஸ் தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. சங்கப் பொருளாளர் பெரேரா அங்கிள், சிங்களத்தில், "மல்லி, ஜப்பான் தாம நிதித?" என்றார். (ஜப்பான் இன்னும் தூக்கமா என்று கவலையோடு விசாரிக்கிறாராம்.)

திடீரென்று பெட்டியில் ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில், வானொலியில் என் பெயராகிய அழைப்புக்குறியைச் சொல்லி அழைத்தது. "பாத்தீங்களா!" என்று துள்ளினேன். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கொட்டாஞ்சேனை."

இதே கொழும்பின் மறுபக்கம்! மொட்டை மாடி சிரிப்பில் அதிர்ந்தது. "பஸ்ஸில போயிருந்தா இதைவிடக் கெதியாக் கதைச்சிருக்கலாம்" என்றது யார் என்கிறீர்கள்? என்னைப் பெற்ற அப்பாதான்.

எங்கள் வானொலி உலகில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்பு கிடைத்ததும், உன் குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்று இரண்டு எண்களில் சொல்ல வேண்டும். தெளிவுக்கு உச்சம் ஐந்து, பலத்துக்கு ஒன்பது. பக்கத்து வீட்டுக் கேக்கைப் புகழ்வதுபோல, மரியாதைக்காக அநேகமாக எல்லாரும் எல்லாருக்கும் 'ஐந்து ஒன்பது' கொடுத்துவிடுவார்கள். அதைத்தான் நானும் எதிர்பார்த்தேன்.

"உங்களுக்கு மூன்று மூன்று" என்றது குரல், இம்முறை தமிழில். "குறை நினையாதேங்கோ. கொட்டாஞ்சேனைக்கே இவ்வளவுதான் வருகுதெண்டா கடல் தாண்டாது. சத்தம் ஏறி ஏறி இறங்குது. உங்கட மீட்டர் என்ன சொல்லுது?"

அப்போதுதான் மீட்டரைப் பார்த்தேன். அனுப்பும் சக்தி வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று அது காலையிலிருந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சொற்பொழிவாளருக்குப் பார்க்க நேரமில்லை.

"கம்பியில ஏதும் தொங்குதோ எண்டு போய்ப் பாருங்கோ."

இதென்ன கேள்வி என்ற எரிச்சலோடு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போனேன். அங்கே என் கம்பியின் நுனியில், ஈரம் சொட்டச் சொட்ட, ஊதா நிறச் சேலை ஒன்று கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆற்ற சீலை இது?" என்று கத்தினேன்.

சந்திரா அன்ரி எழுந்து வந்தார். "என்ர. காலமை தோய்ச்சுக் கொடியில போட்டனான்."

"அன்ரி, இது கொடியில்லை. இதுதான் அன்டெனா!"

"அப்ப அந்தப் பொல்லு?"

"அது சும்மா தாங்கிப் பிடிக்கிறது."

"ஐயோ! நீர் இந்தக் கட்டடத்துக்குச் செய்த ஒரே நல்ல காரியம் இந்தக் கொடிதானெண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன் தம்பி."

இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. சேலையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்து மைக்கைப் பிடித்தேன்.

"இப்ப ஐந்து ஏழு" என்றது கொட்டாஞ்சேனை. "இனிக் கூப்பிடுங்கோ. நான் குறுக்க வரமாட்டன்."

அழைத்தேன். இரண்டாம் அழைப்புக்கே பதில் வந்தது. ஜப்பான்! சாட்சாத் ஜப்பான்! என்னுடையதைப் போலவே தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் ஒரு மனிதர், அந்த இரைச்சலுக்குள்ளிருந்து வெள்ளவத்தைக்கு வணக்கம் சொன்னார். மொட்டை மாடி முழுவதும் எழுந்து கைதட்டியது. பெரேரா அங்கிள் என்னைக் கட்டிப்பிடித்தார். அப்பா, "என்ர மகன்" என்று பக்கத்தில் நின்றவருக்கு என்னை அறிமுகம் செய்தார். (அந்த மனிதருக்கு என்னைச் சிறு வயதிலிருந்தே தெரியும்.)

"அங்க வெயிலோ எண்டு கேளும்" என்றார் சந்திரா அன்ரி.

கேட்டேன். மழையாம்.

"பாவம்" என்றார் அன்ரி, சேலையை அணைத்துக்கொண்டு. பிறகு தலைவியின் குரலில் தீர்மானத்தை அறிவித்தார். பொல்லு இருக்கலாம். ஆனால் நான் எல்லாருக்கும் ஒழுங்கான கொடி ஒன்று கட்டித் தர வேண்டும். ஒருவரும் எதிர்க்கவில்லை. பெரேரா அங்கிள் அடுத்த பரீட்சைக்கே போய் அனுமதிப்பத்திரம் எடுத்தார். இன்று என்னைவிட அதிக நாடுகளோடு பேசியவர் அவர்தான். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

எல்லாரும் இறங்கிப் போனபின் நன்றி சொல்வதற்காகக் கொட்டாஞ்சேனையை அழைத்தேன். ஜெசிந்தா என்று பெயர் சொன்னாள். எல்லாரையும் போல நீங்களும் ஐந்து ஒன்பது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"கேக்காததைக் கேட்டதெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றாள்.

அந்த ஒரு பதிலில் நான் விழுந்தவன்தான். அடுத்த வருடமே கல்யாணம். அதன்பிறகு வீட்டில் எதற்கும் எண்கள்தான். என் பாட்டுக்கு நாலு நாலு. என் மீன் குழம்புக்கு ஐந்து ஆறு. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "இண்டைக்கு எத்தினை?" என்று என்னைக் கேட்பார்கள்.

மகள் பிறந்த அன்று, மூடிய கதவையும் தாண்டி அவள் அழுத சத்தத்தில் ஆஸ்பத்திரி விறாந்தையே திரும்பிப் பார்த்தது. என்னை உள்ளே விட்டார்கள். நான் அழுதுகொண்டே போய் ஜெசிந்தாவின் கையைப் பிடித்தேன். அவள் களைத்த முகத்தோடு சிரித்து, "ஐந்து ஒன்பது" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகு, கடைசியில்!

"உங்களுக்கில்லையப்பா" என்றாள். "பிள்ளைக்கு."