இரண்டு முப்பத்தைந்துக்குக் கோட்டை

எக்பெர்ட் ஹூபர் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் ஆகியிருந்தது. விளக்கு சிவப்பாகவே இருந்தது.

சாலை வேலை நடக்கும் இடத்தில் மூன்று கால் போட்டு நிறுத்துவார்களே, அந்த மாதிரி விளக்கு. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் ஓடை, எதிரே வளைவு. வளைவுக்கு மேலே, பைன் மரங்களையும் தாண்டி, ஸில்பர்ஹோர்ன் கோட்டையின் வெள்ளைக் கோபுரங்கள். கால் மணி நேரப் பாதைதான். ஆனால் சிவப்பு.

எக்பெர்ட் முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தேர்வாளர் பின் இருக்கையில் உட்கார்ந்துதான் குறிப்பெடுப்பார். பழகிப்போனதால் வீட்டு வண்டியிலும் அவருக்குப் பின் இருக்கைதான். மனைவி ரோஸ்விதா ஓட்டுவாள், இவர் குறை சொல்வார். நாற்பதாவது கல்யாண நாளான இன்று காலை அவள் சாவியை அவர் கையில் வைத்துவிட்டாள்.

"நாப்பது வருஷமா என் பின்னந்தலையோடவே பேசிட்டிருக்கே. இன்னைக்கு நீயே தனியா ஓட்டிட்டு வா. நான் ரயில்ல போறேன். கோட்டை வாசல்ல ரெண்டு முப்பத்தஞ்சுக்கு உள்ளே போக நமக்கு டிக்கெட். நேரத்துக்கு வந்துட்டா, ஆயுசு பூரா குறை சொல்லிக்கோ. வரலேன்னா இனிமே வண்டியில வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்று சிரித்தார் எக்பெர்ட். இருவரும் போவதாக இருந்த இந்தப் பயணத்துக்குப் புறப்படும் நேரம், ஒவ்வொரு வளைவையும் கடக்கும் நேரம் எல்லாவற்றையும் நேற்றே தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார். ரோஸ்விதா காலை ரயிலிலேயே கிளம்பிப் போயிருந்தாள். கோட்டைக்கு அடியில் இருக்கும் மேல் ராய்ட்தான் அவள் பிறந்த ஊர்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பின்னால் நின்ற ரொட்டிக்கடை வேனை ஓட்டிவந்த ஆஃப்ரா.

"சார், யாருமே வரலையே. மெதுவாப் போயிடலாமா?"

"அம்மா, அது சிவப்பு."

"தெரியுது சார். உங்க வண்டி வந்ததை விளக்கு கவனிக்கலையோ என்னவோ. கொஞ்சம் பின்னால போய்த் திரும்ப முன்னால வாங்களேன்."

இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்று எக்பெர்ட் யோசித்து உறுதி செய்துகொண்டார். அவர் பின்னால் போக வேண்டுமென்றால் ஆஃப்ரா போக வேண்டும், அவளுக்குப் பின்னால் நின்ற ஏழு பேரும் போக வேண்டும். போனார்கள். கடைசியில் நின்ற பால் லாரியின் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, லாரி சாலைக்குக் குறுக்கே நின்றுகொண்டது. இப்போது யாரும் திரும்பிப் போகவும் முடியாது.

வண்டி பள்ளத்தில் இறங்கினால் விதிப்படி மஞ்சள் எச்சரிக்கைச் சட்டை போட வேண்டும். எக்பெர்ட் போட்டார். அந்தச் சட்டையைப் பார்த்ததும் எல்லோரும் அவரிடமே வந்தார்கள்.

"ஐயா, எப்பத் திறப்பீங்க?"

"நான் திறக்கிறவன் இல்லைங்க. காத்திருக்கிறவன்."

அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. ஓட்டியவர் இந்தக் கூட்டத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே கடந்துபோனார்.

"பாத்தீங்களா? அந்தப் பக்கம் பச்சை!" என்றார் எக்பெர்ட் பெருமையாக.

அப்புறம் அரை மணி நேரம் ஒரு வண்டியும் வரவில்லை. "இப்ப ரெண்டு பக்கமும் சிவப்பு" என்று விளக்கினார்.

ஆஃப்ராவுக்குப் பொறுக்கவில்லை. வளைவு வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சார், குழி இல்ல, மண்ணு இல்ல, ஆளும் இல்ல. ஒரே ஒரு மாடு நிக்குது."

"எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"நம்மைப் பாத்து."

"அப்ப அதுக்குப் பச்சை."

ஆஃப்ரா வேனைத் திறந்து எல்லோருக்கும் உப்புத் தூவிய பிரெட்சல் ரொட்டி கொடுக்கத் தொடங்கினாள்.

இரண்டு மணிக்கு ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டு வந்தது. பின்பெட்டியில் தோல் டவுசர் போட்ட எட்டுப் பேர், பக்கத்து ஊரான கீழ் ராய்ட் ஆட்கள். வந்த வேகத்தில் பால் லாரியைக் கயிறு கட்டி இழுத்து ஒதுக்கிவிட்டு, வரிசையை ஒட்டியே முன்னால் வந்துவிட்டார்கள்.

"வழி விடுங்க!" என்று கத்தினான் ஓட்டியவன். "மே மாசத் திருவிழாவுக்கு நட வெச்சிருந்த எங்க கம்பத்தைத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க மேல் ராய்ட்காரனுங்க! காவலுக்கு நின்னவன் சாப்பிடப் போன நேரம் பாத்து!"

"அடடா. போலீசுக்குச் சொன்னீங்களா?"

"இதுக்கெல்லாம் எவன்யா போலீசுக்குப் போவான்? கம்பம் அவனுங்க ஊர் எல்லைக்குள்ள போயிட்டா, நாங்க ஊருக்கே பீரும் விருந்தும் வெச்சுத்தான் மீட்கணும். முப்பது மீட்டர் கம்பம், தோள்ல தூக்கிட்டு மேட்டுல நடந்துதான் போறானுங்க. இப்பப் போனாப் பிடிச்சிடலாம்!"

"சிவப்பு" என்றார் எக்பெர்ட்.

"சிவப்பாவது மண்ணாவது!" என்று அவன் கியரைப் போட்டான். எக்பெர்ட் டிராக்டருக்கு முன்னால் போய் நின்று, சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

"உன் பேர் என்ன?"

"ஆலாய்ஸ் பிரன்னர்."

எக்பெர்ட் கண்ணைச் சுருக்கினார். "பெட்ரோல் பங்க் சந்திப்பு. வலப்பக்கம் பாக்காமத் திரும்பினது நீதானே?"

ஆலாய்ஸின் கை ஸ்டீயரிங்கிலிருந்து தானாகவே இறங்கியது. "நீங்களா சார்? மூணு தடவை என்னை ஃபெயில் ஆக்கினீங்க."

"நாலு."

ஆலாய்ஸ் எஞ்சினை அணைத்தான். எட்டுப் பேரும் இறங்கி வரிசையாகப் பிரெட்சல் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு முப்பத்தாறுக்கு எக்பெர்ட்டின் போன் அடித்தது.

"எங்கே இருக்கே?" ரோஸ்விதாவின் குரல். பின்னால் ஏதோ எக்காள வாத்தியம் கேட்டது.

"விளக்குக்கு முன்னால."

"எவ்வளவு நேரமா?"

"ஒரு மணி ஐம்பத்தாறு நிமிஷமா. அதென்ன சத்தம்?"

"இங்கே ஒரே கொண்டாட்டம். டிக்கெட் போச்சு எக்பெர்ட். பேச்சு பேச்சா இருக்கணும்."

எக்பெர்ட் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். இனி அவள் மூன்றாவது கியரில் மேடு ஏறினாலும் அவர் ஜன்னல் வழியாக மாடுகளைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும். நியாயமாக நடந்துகொண்டவனுக்கா இந்தத் தண்டனை?

வளைவிலிருந்து ஒரு பழைய மொபெட் இறங்கி வந்தது. ஓட்டிவந்தவர் மேல் ராய்ட்டில் கறிக்கடை வைத்திருக்கும் ஸெப், பெரிய மீசைக்காரர். நேராக விளக்கிடம் போனார். அணைத்தார். கால்களை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நில்லுங்க! அது பொதுச் சொத்து!" என்று எக்பெர்ட் பாய்ந்தார்.

"என் மச்சான் கடையில வாடகைக்கு விடுற விளக்கு சார் இது. கம்பம் எல்லைக்குள்ள வந்து சேந்துடுச்சு" என்றார் ஸெப்.

ஆலாய்ஸ் தொப்பியைத் தரையில் அறைந்தான். எக்பெர்ட்டின் முகம் அணைவதற்கு முன் எரிந்த விளக்கைவிடச் சிவந்துபோயிருந்தது.

"போலி விளக்கா! ஆள் இல்லாத ரோட்டுல ஒரு விளக்கை வெச்சா, எவன்யா ரெண்டு மணி நேரம் நிப்பான்னு நினைச்சீங்க?"

"நாங்களும் அதைத்தான் கேட்டோம் சார்" என்றார் ஸெப். "'பன்னெண்டு நாப்பதுக்கு ஒரு க்ரீம் கலர் வண்டி வரும், அதுக்கு முன்னால விளக்கை மட்டும் வெச்சுடுங்கடா, மிச்சத்தை என் வீட்டுக்காரர் பாத்துக்குவார்'னு ரோஸ்விதா அக்காதான் சொன்னாங்க."