கேட்டது ஒன்று, காட்டியது பதினாறு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உங்கள் மகள் நலமாகவும் கோபமாகவும் இருப்பதாக அத்தை போனில் சொன்னார்கள். பெட்டியும் கையுமாக அவள் ஏன் வந்தாள் என்று கேட்டீர்களாம். காரணம் என் உத்தியோகம்.

நான் வேலை பார்ப்பது கம்ப்யூட்டரின் கெர்னலில். எல்லா நிரல்களுக்கும், அதாவது புரோகிராம்களுக்கும், அடியில் இருந்து வேண்டியதை எடுத்துக்கொடுக்கும் பகுதி அது. ஒரே கோப்பைப் பல நிரல்கள் பகிர்ந்து படிக்கும். அந்தக் கோப்பின் பக்கங்கள் ஏற்கெனவே நினைவகத்தில்தான் இருக்கும், ஆனால் எங்கே என்று நிரலுக்குத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கெர்னலிடம் வந்து நிற்கும். இந்த அலைச்சலைக் குறைக்க, ஒரு பக்கம் கேட்டால் அக்கம்பக்கத்தில் தயாராக இருக்கிற பதினைந்தையும் சேர்த்துக் காட்டிவிடும்படி மாற்றினேன். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. மேலதிகாரி கைகொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம்.

வீட்டிலும் அதே புத்தி. கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டால், பக்கத்தில் நூல்கண்டு, அதற்குப் பின்னால் டார்ச், அதில் பேட்டரி இல்லை என்று அலமாரி முழுக்க ஒப்பிப்பேன், முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை, போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே, "என் மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டாள், நானும் சும்மா இருக்காமல், "கோபமெல்லாம் இல்லை, உன் தம்பி ரெண்டு வாரம் தங்கினதுக்கும் கோபம் இல்லை, நீ காரைச் சுவத்துல இடிச்சதுக்கும் இல்லை, உங்கப்பா சொன்ன கதையையே திருப்பித் திருப்பிச் சொல்றாரே, அதுக்கும் இல்லை" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். மன்னிக்கவும் மாமா, உங்கள் கதை அடுத்த பக்கத்திலேயே இருந்தது.

"நான் கேட்டது ஒண்ணுதானே? இதையெல்லாம் எத்தனை நாளா அடுக்கி வச்சிருந்தீங்க?" என்றாள். நான் அடுக்கவில்லை. ஏற்கெனவே நினைவில் இருந்தது, இடத்தைக் காட்டினேன், அவ்வளவுதான். இதைச் சொன்ன பிறகுதான் பெட்டியை எடுத்தாள்.

எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. அவள் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். இனி ஒன்று கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில், இது உறுதி. அத்தைக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குறையட்டும்.

இப்படிக்கு,
மருமகன்

பி.கு.: தபாலில் போட மனம் வராமல் நானே கொண்டுவந்தேன். கதவைத் திறந்தவள் அவள்தான். "எதுக்கு வந்தீங்க?" என்றாள். "உன்னைக் கூட்டிட்டுப் போக" என்று மட்டும் சொன்னேன். "அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். மேலே எழுதிய உறுதியை அடித்துவிடுங்கள். அவள் இல்லாமல் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை மாமா. வாசலில்தான் நிற்கிறேன், இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன், தயவுசெய்து அவளை இன்னொரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.