நின்ற இடத்தில் பதின்மூன்று

பெடலை ஒருமுறைகூட மிதிக்காமல், கிணற்றடியில் நின்றபடியே, என் சைக்கிள் வேகத்தை எட்டிலிருந்து பதின்மூன்றாக உயர்த்தியவன் நான். கோப்பாயில் வேறு ஒருவரும் இந்தச் சாதனையைச் செய்ததில்லை. செய்த பிறகு நான் அடைந்த கதியும் வேறு ஒருவருக்கும் வரக் கூடாது.

லண்டனில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம். நான் திரும்பியது ஆறுதலாக இருந்து யோசிப்பதற்கு. யோசிக்க யோசிக்கப் பசிக்கும் என்பதை லண்டனில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒரே வருடத்தில் இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது. டொக்டர் அந்த றிப்போட்டை என் கையில் தராமல், பக்கத்தில் இருந்த என் மனைவி குணலட்சுமியின் கையில் கொடுத்தார். அந்த நிமிடமே என் ஆட்சி கவிழ்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டிறைச்சிக் கறி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ குவிந்து கிடந்தது.

"என்ன இது? அடுப்புச் சாம்பலோ?"

"குரக்கன் பிட்டு. முருங்கையிலை வறையும் இருக்கு. சாப்பிடுங்கோ."

"இறைச்சி?"

"ஆட்டிலை இருக்கு."

"உது எத்தினை நாளைக்கு?"

"நாள் கணக்கில்லையப்பா. நீங்கள் இருக்குமட்டும்."

அதிர்ச்சியில் பிட்டு தொண்டையில் நின்றுவிட்டது. குரக்கன், அதாவது கேழ்வரகுப் பிட்டு, அதிர்ச்சி இல்லாமலும் அங்கேதான் நிற்கும். ஒரு செம்பு தண்ணீர் குடித்து அதை இறக்கிவிட்டு, அந்த இடத்திலேயே சபதம் எடுத்தேன்.

"இஞ்சாரும், நாளையிலையிருந்து நான் சைக்கிள் ஓடப் போறன். ஓடி ஓடிச் சீனியை இறக்கி, என்ரை இறைச்சியைத் திரும்ப எடுப்பன்!"

குணா சிரிக்கவில்லை. அவள் சிரித்தால் பயப்படத் தேவையில்லை.

"சரி. முதல் நாள் என்ன வேகம் ஓடுறியளோ, அது ஒண்டரை மடங்காய்க் கூடட்டும். கூடின கிழமை பக்கத்து வீட்டுத் தேவராசா அண்ணையிட்டைச் சொல்லி, ஊரிலை ஆடடிக்கேக்கை ஒரு பங்கு இறைச்சி எடுப்பம். ஆனால் நிறை ஏறக் கூடாது. ஏறினால் குரக்கன்தான்."

"பேச்சு மாறமாட்டீரே?"

"நான் மாறமாட்டன்."

'நான்' என்ற சொல்லை அவள் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். எனக்கு அது இப்போதுதான் கேட்கிறது.

லண்டனிலிருந்து கொண்டுவந்த நிறை பார்க்கிற மெசினில் என்னை ஏற்றினாள். எண்பத்தைந்து. அவள் எதையும் எழுதி வைப்பதில்லை. மனதில் வைத்திருப்பாள். எழுதி வைத்தாலாவது கிழித்துப் போடலாம்.

புதுச் சைக்கிள் வந்தது. ஹெல்மெற் வந்தது. உடம்போடு ஒட்டுகிற காற்சட்டை ஒன்றும் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் குணா அவசரமாகப் படலையைச் சாத்தினாள்.

"உதோடை றோட்டுக்குப் போறியளோ? மேலாலை ஒரு சாரத்தைக் கட்டுங்கோ."

"காத்து தடுக்குமப்பா. வேகம் குறைஞ்சிடும்."

"வேகம் குறையட்டும். மானம் மிஞ்சும்."

ஹாண்டிலில் போனைப் பூட்டினேன். வேகத்தையும் தூரத்தையும் அளக்கிற செயலி ஒன்று அதில் லண்டனிலேயே இருந்தது. அங்கே அது அளந்தது நான் பஸ்ஸுக்கு நடந்ததை மட்டும்தான்.

பருத்தித்துறை வீதியில் ஏறி நீர்வேலிப் பக்கம் திருப்பினேன். புயல்! காதுக்குள் காற்று ஊதியது. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டங்கள் பறந்தன. மனிதன் ஏன் கார் கண்டுபிடித்தான் என்று யோசித்துக்கொண்டு போனபோது பின்னால் ஒரு மணி அடித்தது.

"விலத்தும் தம்பி, விலத்தும்!"

பக்கத்து வீட்டுத் தேவராசா அண்ணை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்று இப்போது வாழை செய்கிறவர். வயது எழுபத்தொன்று. கரியரில் ஒரு முழு வாழைக்குலை. ஒரு கையில் ஹாண்டில், மறு கையில் குடை.

"ஏன் தம்பி பிரேக் பிடிச்சுக்கொண்டு ஓடுறீர்?"

"பிடிக்கேல்லை அண்ணை. இதுதான் என்ரை வேகம்."

"அப்பிடியெண்டால் இறங்கித் தள்ளும். கெதியாய்ப் போகலாம்."

குலையும் குடையும் தூரத்தில் மறைந்தன. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். எட்டு. குணாவும் பார்த்தாள்.

"அப்ப பன்னிரண்டு வேணும்," என்றாள்.

ஒவ்வொரு நாளும் மிதித்தேன். எட்டு. குனிந்து மிதித்தேன். எட்டு. சாமி கும்பிட்டுவிட்டு மிதித்தேன். அன்று ஏழே முக்கால். அளவெட்டி நாதஸ்வரக்காரர் சுருதி பிசகினாலும் என் எட்டுப் பிசகவில்லை. மனம் உடைந்துபோகும்போது நீர்வேலிச் சந்தித் தேநீர்க்கடையில் இறங்கி வாய்ப்பன் சாப்பிடுவேன். வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்து, எண்ணெயில் பொரித்துச் சுடச்சுட வைத்திருப்பார்கள். வாய்ப்பு வரும்போது வாய்ப்பனை விடுவது சரியில்லை என்பது என் கருத்து.

ஒரு சனிக்கிழமை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தேவராசா அண்ணை கேட்டார்:

"தம்பி, இப்ப என்ன வேகம்?"

"எட்டு, அண்ணை."

"எட்டுக் கட்டையோ, எட்டுக் கிலோமீற்றரோ?"

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மைல் என்றால் கட்டைதான். மைல்கல்லை எண்ணி எண்ணி வந்த கணக்கு. நான் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து குணாவின் குரல் வந்தது.

"கட்டையிலை போகாமல் இருக்கத்தானண்ணை இந்த மனிசன் சைக்கிளே ஓடுது!"

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தலைக்குள் மின்னல் வெட்டியது. கிணற்றடிக்குப் போய், ஒருவரும் பார்க்காமல் செயலியைத் தோண்டினேன். நினைத்தது சரி! லண்டன் போன், லண்டன் கணக்கு. இத்தனை நாளும் அது மைலில் காட்டியிருக்கிறது. பக்கத்திலேயே 'கிலோமீற்றர்' என்று ஒரு சொல் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தது. ஆள்காட்டி விரலால் அதை மெல்லத் தொட்டேன்.

எட்டு, பதின்மூன்றானது.

மூச்சு வாங்கவில்லை. வியர்க்கவில்லை. இது பொய்யா என்று நின்று யோசித்தேன். தூரம் மாறவில்லை, நேரம் மாறவில்லை, நான் மாறவில்லை. அளக்கிற கோல்தான் மாறியது. ஒரு சொல்லை இரண்டு மொழியில் சொன்னால் பொய்யாகிவிடுமா? இரண்டு மொழி படித்தவனுக்கு இப்படியான யோசனைகள் சுகமாக வரும்.

"இஞ்சாரும்! வந்து பாரும்! பதின்மூண்டு!"

குணா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். போனை வாங்கினாள். விரலால் திரையை மேலே தள்ளினாள். இன்னும் தள்ளினாள். முதல் நாள் ஓட்டம்வரை, அடிமட்டும் தள்ளினாள்.

"ம்," என்றாள். "முந்தாநாள் எட்டு, இண்டைக்குப் பதின்மூண்டு. ஆனால் வெளிக்கிட்டதும் அதே நேரம், வந்ததும் அதே நேரம்?"

"நான் கூடத் தூரம் போனனான். புத்தூர் மட்டும்!"

"புத்தூர் மட்டுமோ? அப்ப உங்களுக்குப் புத்தூர் இப்ப கிட்ட."

"பக்கத்து வளவு மாதிரி!"

"சரியப்பா. வெண்டிட்டியள். நாளைக்கு இறைச்சி."

இவ்வளவு சுலபமா! எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

ஞாயிறு காலை தேவராசா அண்ணை பங்கு இறைச்சியைக் கொண்டுவந்து தந்தார். பத்து மணிக்குத் தாளித்த மணம் ஒழுங்கை முழுக்கப் போனது. பதினொரு மணிக்கு நான் கை கழுவிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் கழுவினேன். குணா அகப்பையோடு வந்தாள்.

"சாப்பிட முன்னம் ஒருக்கா நிறையைப் பாப்பம். பேச்செண்டால் பேச்சு."

சந்தோசமாக மெசினில் ஏறினேன்.

நூற்றெண்பத்தேழு.

இறங்கினேன். ஏறினேன். நூற்றெண்பத்தேழு. பின்னால் வேறு யாரும் ஏறி நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஐயோ கடவுளே! நான் ஒரு நாளைக்கு ரெண்டு வாய்ப்பன்தானே சாப்பிட்டனான்!"

அகப்பை என் பக்கம் திரும்பியது.

"எங்கையப்பா?" என்றாள் குணா, பிள்ளையைக் கேட்பது போல.

"நீர்வேலிச் சந்தியிலை..."

"புத்தூருக்குப் போற வழியிலையோ?"

தலையைக் குனிந்தேன். குனிந்ததில்தான் அதைக் கண்டேன். இலக்கத்துக்குப் பக்கத்தில் வழமையாக இருக்கும் கிலோ அடையாளம் இல்லை. ஒரு கிலோவின் பாதிகூட வராத இறாத்தலின் அடையாளம் இருந்தது. என் எண்பத்தைந்து கிலோவை யாரோ இறாத்தலில் நிறுத்திருக்கிறார்கள்!

வாயைத் திறந்தேன்.

"என்னப்பா, ஏதோ சொல்ல வாறியள்?"

சொல்லலாம். மெசினில் அளவு மாறிப்போய்க் கிடக்கிறது என்று சொல்லலாம். சொன்னால், வேறு எதில் அளவு மாறிக் கிடக்கிறது என்று அவள் கேட்பாள். வாயை மூடினேன்.

"ஒண்டுமில்லை."

"நூறு கிலோவுக்கு மேலை ஏறியிருக்கிறியள். இனி இறைச்சி உங்களுக்கு நஞ்சு. புத்தூரிலை என்ரை தங்கச்சி கீர்த்திகா வீட்டை கறியைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ. பக்கத்து வளவுதானே? பதின்மூண்டிலை போனால் ஆறமுன்னம் சேத்திடுவியள்."

கறிச் சட்டியைக் கரியரில் கட்டிவிட்டாள். என் கறி எனக்குப் பின்னால் இருந்து மணந்துகொண்டே வர, உச்சி வெயிலில் புத்தூருக்கு மிதித்தேன். சாரம் கட்டியிருந்தேன். நீர்வேலியில் தேவராசா அண்ணை என்னை விலத்திக்கொண்டு போனார். இந்தமுறை இரண்டு குலை.

லண்டனில் பதின்மூன்றாம் இலக்க வீட்டை வாங்கப் பயப்படுவார்கள். ஏனென்று எனக்கு விளங்கியது.

திரும்பி வந்து விழுந்தபோது மேசையில் குரக்கன் பிட்டு காத்திருந்தது. பக்கத்தில் குணாவின் போன் பெரிய சத்தத்தில் கதைத்தது.

"அக்கா, கறி திறம்! ஆனால் ஏனக்கா ஆறிப்போன கறியை அனுப்பினனீங்கள்? கொழுப்பெல்லாம் உறைஞ்சு கிடந்தது."

"சுடச்சுடத்தான் பிள்ளை அனுப்பினனான்," என்று போனை வைத்த குணா, பிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நிறை மெசினைக் கிலோவுக்கு மாத்திவிட்டிட்டன். போனை நீங்களே கட்டைக்கு மாத்துங்கோ."