என் அக்கா ஐந்து கட்டமான வரலாறு

ஒரு பல்கலைக்கழகம் தன்னிடம் உள்ள கணினிகள் நல்லவையா, கெட்டவையா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வதில் தவறில்லை. அறிவு வளர்க்கும் இடம். கேள்வி கேட்கத்தான் செய்யும். எங்கள் பல்கலைக்கழகம் இந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டது, பதிவாளர் தம் மகள் வீட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலையில்.

மருமகன் மேசைமேல் ஒரு கணினி இருந்ததாம். மூடியைத் திறந்ததும் சத்தம் போடாமல் விழித்துக்கொண்டதாம். திரையில் ஒரு மலை, மலைமேல் மேகம், அந்த மேகம் வேறு நகர்ந்ததாம். பதிவாளர் திரும்பி வந்து தம் அறைக் கணினியைப் போட்டார். அது வழக்கம்போல இருமி, பெருமூச்சு விட்டு, போன ஜென்மத்துக் கடனை அடைப்பதுபோல மெல்ல எழுந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவர், அன்றைக்குத்தான் அதன் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

மாலையே சுற்றறிக்கை வந்துவிட்டது. "இயங்குதள ஒப்பாய்வு மற்றும் மாறுகை நடவடிக்கைகளுக்கான உயர்மட்டக் குழு" அமைக்கப்படுவதாகவும், வழக்கிலுள்ள மூன்று இயங்குதளங்களும் வாரத்துக்கு ஒன்றாக, எவ்விதப் பாரபட்சமுமின்றி, சான்றிதழ்ப் பிரிவில் பயன்படுத்திப் பார்க்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது.

இயங்குதளம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அலுவலகத்துக்குப் பதிவாளர் எப்படியோ, கணினிக்கு அது அப்படி. அது இல்லாமல் ஒன்றும் நடக்காது; அது இருப்பதால் எல்லாம் தாமதமாக நடக்கும்.

மூன்றின் உண்மைப் பெயர்களைச் சொன்னால் படிக்கிறவர்களுக்குள்ளேயே கைகலப்பு வரும். அலுவலகத்தில் வழங்கிய பெயர்களையே சொல்கிறேன்: பழசு, பளபள, இலவசம். பளபளவுக்குப் பதிவாளர் தலைமை. பழசுக்குச் சான்றிதழ்ப் பிரிவு மேற்பார்வையாளர். கெட்டுப்போனாலும் எங்கே கெட்டுப்போகும் என்று தெரிந்த பொருள்தான் நல்ல பொருள் என்பது அவர் சித்தாந்தம். திருமணத்தைப் பற்றியும் அவர் அப்படித்தான் சொல்வார். இலவசத்துக்குத் துணைப் பதிவாளர். அவர் சுதந்திரம் என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பலமுறை சொல்வார். கணினி நின்றுபோய்விட்டது என்று யாராவது போய்ச் சொன்னால், அதைச் சரிசெய்துகொள்ளும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்.

அதுவரை ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று மேசைகளாகப் பிரிந்தார்கள். ஒரு மேசைக்காரர் இன்னொரு மேசையிலிருந்து உப்புக் கேட்பதுகூட நின்றுபோயிற்று.

இந்தச் சமயம் பார்த்துத்தான் என் அக்காவுக்கு வேலை கிடைத்தது.

துறைமுகத்தின் பக்கம் ஒரு குடிநீர் ஆய்வுக்கூடம். அடுத்த மாதம் முதல் தேதி பட்டச் சான்றிதழைக் கையில் கொண்டுவந்தால் சேரலாம். வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அக்கா வேதியியலில் முதல் வகுப்பு. ஆனால் சண்டையில் தேர்ச்சி போதாது. யாரோடு சண்டை போட்டாலும் கடைசியில் அவளே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள். அதனால் அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என்னை அம்மா அனுப்பினாள். உன் வாய்க்கு இன்றைக்காவது ஒரு பிரயோசனம் வரட்டும் என்று வாழ்த்தியும் அனுப்பினாள்.

சான்றிதழ்ப் பிரிவின் சாளரத்துக்குப் பின்னால் முத்திரையம்மா இருந்தார். கடைசி முத்திரையைக் குத்திக் கையில் கொடுப்பவர் அவர்தான். குத்திய சூட்டோடு அக்காவின் சான்றிதழைக் கொடுத்தார். தடித்த காகிதம், பொன்னிற ஓரம், அடியில் நான்கு கையெழுத்துகள். இன்னார் இந்தப் பட்டத்துக்குத் தகுதியுடையவர் என்ற வாசகத்தில் இன்னார் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. வெற்றுக் கட்டங்கள்.

"அம்மா, இதுல எங்க அக்கா பெயரே இல்லையே."

"இருக்கே." விரலை வைத்து எண்ணிக் காட்டினார். "உங்க அக்கா பெயர் அஞ்சு எழுத்துதானே?"

"ஆமா, ஆனா..."

"அஞ்சுதான் வந்திருக்கு. குறைச்சலா கொடுத்துட்டோமா?"

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. அது பளபளவின் வாரம். பழசில் தட்டி வைத்திருந்த பெயர்களையெல்லாம் அப்படியே தூக்கிப் பளபளவில் போட்டிருக்கிறார்கள். நம் எழுத்துகளின் உருவங்களை வைத்திருக்கும் எழுத்துரு என்ற சின்னக் கோப்பு ஒன்று உண்டு. அதை மட்டும் எடுத்துவர மறந்துவிட்டார்கள். வீடு மாறும்போது சாமான் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் குழந்தையை விட்டுவந்த கதை. எழுத்தைக் காணாத பளபள, எழுத்துக்கு ஒரு கட்டம் என்று போட்டுவிட்டது. நியாயமாகச் சொன்னால் கட்டங்கள் அழகாகத்தான் இருந்தன. ஓரம் மெலிசு, மூலை லேசாக வளைந்து, மருமகன் வீட்டு ஜாடை.

வேறொன்று அச்சடித்துக் கொடுங்கள் என்றேன். முத்திரையம்மா என்னைப் பச்சைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கையெழுத்து விழறதுக்கு முன்னாடிதான் அதுக்குப் பெயர் தப்பு. விழுந்துட்டா அது சான்றிதழ்."

மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் கட்டங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பளபளவின் லட்சணத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்றார். சான்றிதழைக் குழுவின் பார்வைக்கு வைக்கப்போவதாகவும், ஒரு பெரிய காரியத்துக்குப் பயன்படுவதால் அக்கா கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நான் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் இலவசத்தின் வாரம். துணைப் பதிவாளர் தாமே முன்னின்று அக்காவின் பெயரைத் திரையில் திறந்து காட்டினார். அதே ஐந்து கட்டங்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பொடிப்பொடியாக எண்கள் இருந்தன. எந்த எழுத்து காணாமல் போயிருக்கிறது என்பதைக்கூட இது மறைக்கவில்லை, இதற்குப் பெயர்தான் வெளிப்படைத்தன்மை என்றார். அதற்கடுத்த வாரம் பழசு, மற்ற இரண்டிலும் சேமித்து வைத்த எதையும் திறக்க மாட்டேன் என்றது. அதை மேற்பார்வையாளர் தன்மானம் என்றார்.

முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த எழுத்துருவை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு பதிவாளர் அறைக்கே போனேன். ஒரு நிமிட வேலை, நானே செய்து தருகிறேன் என்றேன். அவர் பென் டிரைவைத் தொடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அம்மாடி, நான் பளபள கட்சிதான். ஊருக்கே தெரியும். ஆனா குழுத் தலைவர்ங்கற முறையில நான் அதுக்கு உதவி செய்யலாமா?"

"எல்லாத்துலயும் போட்டுடலாம் சார். பழசுல ஏற்கெனவே இருக்கு. மத்த ரெண்டுலயும் போட்டா மூணும் சரியாயிடும்."

"மூணும் சரியாயிட்டா அப்புறம் எதை வெச்சு ஒப்பிடறது?"

  நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு தாளை எடுத்துப் பேனாவால் ஐந்து கட்டங்கள் வரைந்துவிட்டார்.

"உங்க அக்காவைப் பெயர் மாத்திக்கச் சொல்லு. எத்தனையோ பேர் மாத்திக்கறாங்க. பழைய பெயர் அது, புதுப் பெயர் இது. எங்க சான்றிதழோட கச்சிதமாப் பொருந்திடும்."

"கட்டத்தை எப்படி சார் கூப்பிடறது?"

"உச்சரிப்பு மொழித்துறை சம்பந்தப்பட்டது. என் அதிகாரத்துக்குள்ள வராது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கொதித்துக்கொண்டு வந்தேன். அன்று இரவே ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். பேனாவால் எழுதிக் கொடுத்தால் என்னடி என்று அக்கா கேட்டாள். அவளைப் பரிதாபமாகப் பார்த்தேன். கணினியைப் பற்றிய மனுவைப் பேனாவால் எழுதுவதாவது. தவிர, இந்த விஷயத்தில் எனக்கென்று ஒரு கொள்கை இருந்தது.

நானும் ஒரு காலத்தில் பழசு வைத்திருந்தவள்தான். வகுப்பில் சிரித்தார்கள் என்று தவணையில் பளபள வாங்கினேன். தவணை முடிவதற்குள் பளபள வைத்திருப்பது சிந்திக்கத் தெரியாதவர்களின் அடையாளம் என்று தெரியவந்தது. உடனே இலவசத்துக்கு மாறி, மாறாதவர்களோடு ஒரு பருவம் முழுக்க வாதாடினேன். என் வாதத்தில் மயங்கி விடுதியே இலவசத்துக்கு வந்துவிட்டது. கும்பல் வந்த இடத்தில் சுதந்திரம் எப்படி இருக்கும்? ஆகவே அந்த வாரம்தான் நான்காவது ஒன்றுக்கு மாறியிருந்தேன். அதை உலகத்தில் வெகுசிலரே பயன்படுத்துகிறார்கள். அதற்கென்று தனி எழுத்துருவே இருந்தது, பார்க்கக் கல்வெட்டுப்போலக் கம்பீரமாக இருக்கும்.

அந்தக் கம்பீரமான எழுத்தில், எழுத்தை இழந்த ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். உதாரணம், மேற்கோள், ஏளனம், சாபம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. படித்தால் பதிவாளர் பதவி விலகிவிடுவாரோ என்று பயந்து இரண்டு வரிகளை நீக்கினேன். பிறகு குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தேன்.

மாதக் கடைசியில் குழுவின் முடிவு அறிவிப்புப் பலகையில் தொங்கியது. அதை அப்படியே தருகிறேன்:

"மூன்று இயங்குதளங்களிலும் ஒன்றுபோலக் காட்சியளிக்கும் பொதுத்தன்மை எதுவும் உளதா எனக் குழு நெடுநாள் ஆராய்ந்தும் காணாதிருந்த நிலையில், மாணவியொருவரிடமிருந்து வரப்பெற்ற நீண்ட மனு மூன்றிலும் திறந்து பார்க்கப்பட்டது. முதல் வரி தொடங்கி இறுதி வரி ஈறாக, அம்மனு மூன்றிலும் கட்டங்களாகவே, எள்ளளவும் வேறுபாடின்றித் தோன்றியது. (கட்டத்துக்குள் உள்ள எண்களை நீக்கிக்கொள்ளத் துணைப் பதிவாளர் பெருந்தன்மையுடன் இசைந்தார்.) எனவே எக்கட்சிக்கும் சார்பற்ற கட்டமே இனி இப்பல்கலைக்கழகத்தின் பொது எழுத்தாகும். இத்தீர்வை மிக விரிவாக எடுத்துரைத்த மாணவிக்குக் குழு தன் பாராட்டுதலைப் பதிவுசெய்கிறது."

அன்று மதியம் மூன்று மேசைகளையும் இழுத்து ஒன்றாகச் சேர்த்துப் போட்டுச் சாப்பிட்டார்களாம். உப்பு தாராளமாகக் கைமாறிற்றாம்.

நான் எதிர்பார்த்த கலவரம் வரவில்லை. முத்திரையம்மா சாளரத்தில் நாலு கட்டமெல்லாம் இந்தப் பக்கம், அஞ்சு கட்டமெல்லாம் அந்தப் பக்கம் என்று வரிசை பிரித்தார். வேலை முன்பைவிட வேகமாக நடந்தது. பெரிய பெயர்க்காரர்களுக்கு ஒரு மிதப்பு வந்தது. ஒன்பது கட்டம் ஒருத்தி யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை. விடுதியில் சட்டைகளில் கட்டம் அச்சடித்துப் போட ஆரம்பித்தார்கள். என்னைக் கண்டால் இவள்தான் கட்டத்தைக் கொண்டுவந்தவள் என்று மரியாதையாக வழி விட்டார்கள். அது அப்படியில்லை என்று நின்று விளக்கினேன். என் தன்னடக்கத்தையும் பாராட்டினார்கள்.

அக்கா அந்தச் சான்றிதழையே எடுத்துக்கொண்டு முதல் தேதி கிளம்பினாள். போகக் கூடாது, போனால் அநியாயத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று வாசலை மறித்தேன்.

"கொள்கை உனக்கு இருக்கட்டும்டி. வேலை எனக்கு வேணும்," என்று என் கையை மெல்ல விலக்கிவிட்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் தொலைபேசியில் அவள் குரல் கேட்டபோது சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. ஆய்வுக்கூட அதிகாரி சான்றிதழை வாங்கிப் பார்த்திருக்கிறார். தம் கணினியைப் பார்த்திருக்கிறார். அவர்களும் போன மாதம்தான் இயங்குதளம் மாறியிருக்கிறார்கள். நியமனம் பெற்றவர் பெயர் இருந்த இடத்தில் அவர்களிடமும் ஐந்து கட்டங்கள். அதிகாரி விரலால் எண்ணிச் சரிபார்த்து, மிகவும் பொருத்தம், சேர்ந்துகொள்ளுங்கள் என்றாராம்.

"அப்போ வேலை கிடைச்சாச்சா?"

"கிடைச்சாச்சு. ஆனா மத்தியானத்துக்குள்ள இன்னும் மூணு பேர் அஞ்சு கட்டத்தோட வந்துட்டாங்க. நம்ம பல்கலைக்கழகம்தான். எல்லாருக்கும் மிகவும் பொருத்தம்."

"இருக்கறது ஒரு வேலைதானே?"

"ஒண்ணேதான். எங்க நாலு பேர்ல நான் யாருன்னு கண்டுபிடிக்க ஒரு குழு போட்டிருக்காங்க. முடிவு வர்ற வரைக்கும் ஒரே நாற்காலியில மாறி மாறி உட்காரணும்."

 என்னை எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள், அன்றைக்குக் கேட்டாள். இவள்தான் அவள் என்று விளக்கமாக, பெயரைப் போட்டு, நீ ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க முடியுமா? இந்தத் தடவையாவது பேனாவால்?

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணினியை மூடிவைத்தேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பேனாவை உதறி, நிதானமாக, அழுத்தமாக, முதல் வரியில் அக்காவின் பெயரை எழுதினேன்.

எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். ஐந்தும் சரியாக இருந்தன. ஓரம் மெலிசு, மூலை லேசாக வளைந்து, நன்றாகவே வந்திருந்தன.